பேசுவதற்குக் கட்டணமா?



எங்கள் அம்மாச்சியின் தகரப் பெட்டியில் பழைய கடிதக் கட்டு ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதை அவிழ்த்துப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. மாமாவுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லும் இன்லண்டு கடிதம், பெரியம்மாவுக்குப் பெண் பிறந்த செய்தி, யாரோ தாத்தாவிடம் கடன் கேட்டு எழுதிய நான்கு பக்கம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தபோது, பழுப்பேறிய ஒரு தபால் கார்டு கண்ணில் பட்டது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. "இந்தக் கார்டு கிடைத்த 13 நாட்களுக்குள் இதேபோல் 13 பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய ஒருவருக்குப் புதையல் கிடைத்தது. அலட்சியம் செய்த ஒருவருடைய வண்டிமாடு செத்தது" என்று நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. 1980-களில் இத்தகைய கார்டுகள் ஊருக்கு ஊர் சுற்றினவாம். ஒன்று மாதாவின் பெயரால் வருமாம். அடுத்தது ஏழுமலையானின் பெயரால் வருமாம்.

"நீங்கள் 13 பேருக்கு அனுப்பினீர்களா, அம்மாச்சி?" என்று கேட்டேன்.

அம்மாச்சி சிரித்தார். "அப்போது கார்டு 15 காசு. 13 கார்டுக்கு ஒரு ரூபாய் 95 காசு ஆகிறது. காசை விடு, ஒரே பொய்யை 13 தடவை எழுத யாருக்குக் கை இருக்கிறது? பெட்டியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்" என்றார்.

அந்தக் கார்டை எங்கள் வீட்டு வாசலோடு நிறுத்தியவை இரண்டு: காசும் கைவலியும். இன்று அதே கார்டு நம் வீட்டுக் கைப்பேசிகளுக்கு வேறு வேடத்தில் வருகிறது. காசும் இல்லை, கைவலியும் இல்லை. ஒரு விரல் தொட்டால் போதும். அந்த விரல்கூட மனித விரலாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இந்த நூற்றாண்டின் அதிசயம்!

மனித விரல் இல்லாமல் தானே எழுதி, தானே அனுப்பி, தானே 'விருப்பம்' போட்டுக்கொள்ளும் கணக்குகளை 'பாட்' என்று அழைக்கிறார்கள். 'ரோபாட்' என்னும் சொல்லின் வால்தான் அது. நான் அதை எந்திரக் கணக்கு என்றே எழுதுகிறேன். ஒருவன் ஓர் அறையில் அமர்ந்துகொண்டு ஆயிரம் பெயர்களில், ஆயிரம் முகங்களில் பேசுவதற்கு இவை உதவுகின்றன. லாட்டரியில் பரிசு விழுந்ததாகக் கூறுவது, தேர்தல் சமயத்தில் ஒருவரைத் தூற்றுவது, ஒரு பொருளை ஆகா ஓகோ என்று புகழ்வது எல்லாம் இவற்றின் திருப்பணிகள்.

இவை எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2019-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 220 கோடி போலிக் கணக்குகளை நீக்கியதாக ஃபேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. அதே காலத்தில் அதை மாதந்தோறும் உபயோகித்தவர்கள் சுமார் 238 கோடிப் பேர். வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் திருடர்களும் கதவைத் தட்டியிருக்கிறார்கள்! அவற்றுள் பெரும்பாலானவை பிறந்த சில நிமிடங்களிலேயே பிடிபட்டவைதாம். ஆயினும், பிடிக்கப் பிடிக்க மறுபடியும் முளைக்கின்றன. ஏன்?

இந்த 'ஏன்' என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2008-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியாகோ வளாகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். மோசக்காரர்கள் சிலர், பிறருடைய கணிப்பொறிகளை அவர்களுக்கே தெரியாமல் அடிமைப்படுத்தி, அவற்றின் வழியாக விளம்பர மின்னஞ்சல்களைக் கொட்டிக்கொண்டிருந்தனர். அந்த வலைக்குள் ஆராய்ச்சியாளர்கள் நுழைந்து, மின்னஞ்சலில் இருந்த கடை முகவரிக்குப் பதிலாகத் தாங்கள் அமைத்த பொம்மைக் கடையின் முகவரியை வைத்தார்கள். வாங்க வருகிறவர்களை எண்ணுவது மட்டுமே அவர்கள் நோக்கம்; யாரிடமும் காசு வாங்கவில்லை. 26 நாட்களில் சென்ற மருந்து விளம்பரங்கள் ஏறத்தாழ 35 கோடி. அவற்றைப் பார்த்து மருந்து வாங்க முன்வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 28 பேர்!

ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஒருவர். நம் பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் ஆச்சி இப்படி வியாபாரம் செய்தால் மறுநாள் கூடையைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஆனால் மோசக்காரனுக்கு இது கட்டுபடியாகிறது. ஏனென்றால் 35 கோடிக் கடிதத்துக்கும் அவனுக்கு ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அந்த 28 பேரும் வாங்க நினைத்த சரக்கின் மதிப்பு சுமார் 2,700 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சற்றே தாண்டும்.

இப்போது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே ஒரு பைசா கட்டணம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 35 கோடிப் பைசா, அதாவது 35 லட்சம் ரூபாய். வரவு ஒரு லட்சம், செலவு 35 லட்சம். அன்று மாலையே கடையை மூட வேண்டியதுதான்! நாமோ, நாளொன்றுக்கு 10 கடிதம் எழுதினாலும் ஓர் ஆண்டுக்குக் கொடுப்பது முப்பத்தாறரை ரூபாய். சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். நமக்குத் துளியாக இருக்கும் அதே காசு அவனுக்கு வெள்ளமாகிவிடுகிறது. கட்டணம் வேண்டும் என்போரின் முழு பலமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இது புதிய யோசனை அன்று. 1992-இலேயே சிந்தியா டுவொர்க், மோனி நவோர் என்னும் இரு கணிப்பொறி அறிஞர்கள், காசு கூட வேண்டாம், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுப்புகிற கணிப்பொறி ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டட்டும் என்று எழுதினார்கள். ஒரு கடிதம் அனுப்புகிறவருக்குச் சில வினாடித் தாமதம். கோடிக் கடிதம் அனுப்புகிறவனின் எந்திரத்துக்கோ மூச்சு முட்டிவிடும். அம்மாச்சியின் கைவலியை எந்திரத்துக்கும் உண்டாக்கிப் பார்க்கும் யோசனை இது. (சிந்தியா டுவொர்க் ஒரு பெண்மணி என்பதை நம் பள்ளி மலரில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.) 1997-இல் ஆடம் பாக் என்பவர் அதே வழியில் 'ஹாஷ்கேஷ்' என்னும் முறையை அமைத்தார். 2004-இல் டாவோஸ் நகரில் நடந்த மாநாட்டில், வேண்டாத மின்னஞ்சல் என்னும் தொல்லை இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று பில் கேட்ஸ் சொன்னார். அவர் கூறிய வழிகளுள் கட்டணமும் ஒன்று. அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடியவில்லை!

நிற்க. சமூக வலைத்தளத்துக்கு வருவோம். ட்விட்டரை 2022 அக்டோபரில் ஈலோன் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கியதும், பின்பு அதற்கு எக்ஸ் என்று பெயர் மாற்றியதும் நாம் அறிந்ததே. 2023 அக்டோபரில் அந்த நிறுவனம் நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் ஒரு சோதனையைத் தொடங்கியது. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அதோடு ஆண்டுக்கு ஒரு டாலரும் கட்ட வேண்டும். நியூசிலாந்தில் அந்நாட்டுக் காசில் 1.43 டாலர், பிலிப்பைன்ஸில் 42.51 பெசோ. நம் கணக்கில் அன்று ஏறத்தாழ 83 ரூபாய். கட்டாதவர்கள் படிக்கலாம், படம் பார்க்கலாம், பிறரைப் பின்தொடரலாம். எழுதவோ, பதில் சொல்லவோ, விருப்பம் தெரிவிக்கவோ முடியாது. லாபத்துக்காக அல்ல, எந்திரக் கணக்குகளைத் தடுப்பதற்காகவே இது என்று நிறுவனம் கூறியது. 2024 ஏப்ரலில், எந்திரக் கணக்குகளைத் தடுக்க இதைவிட வேறு வழி இல்லை என்று மஸ்க் எழுதினார்.

எங்கள் பதினொன்றாம் வகுப்பு இலக்கிய மன்றத்தில் இதையே பட்டிமன்றத் தலைப்பாக வைத்தோம்: "சமூக வலைத்தளங்கள் கட்டணம் பெறுவது நன்றா, தீதா?" நான் 'நன்று' என்னும் அணியில் பேசினேன். மேலே சொன்ன 35 கோடிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. நடுவராக இருந்த சிஸ்டரும் எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்கினார்கள். பெருமையோடு இடத்துக்குத் திரும்பி வந்தபோது, பின் வரிசையில் இருந்த தோழி ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"எங்கள் வீட்டில் கார்டு இல்லையே. அப்படியானால் நான் எந்திரமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

அவளுடைய அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு அவரோடுதான் கரை திரும்பும். சென்ற ஆண்டு அவர்கள் தெருவில் மூன்று வாரமாக விளக்கு எரியவில்லை. நேரில் சொல்லிப் பார்த்தார்கள், மனு கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நாள் மாலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில், இவள் இருட்டுத் தெருவைப் படம் எடுத்து, உரிய அலுவலகத்தின் எக்ஸ் பக்கத்துக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினாள். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. அவள் வாழ்நாளில் அங்கே எழுதியது அந்த இரண்டு வரிதான். அதற்கு முன்பு 83 ரூபாய் கட்ட வேண்டும், அதையும் வங்கிக் கார்டு மூலமாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால், அந்த இரண்டு வரி எழுதப்பட்டிருக்காது.

அம்மாச்சியின் காலத்துக் கார்டு, யார் வேண்டுமானாலும் தபால் நிலையத்தில் 15 காசு கொடுத்து வாங்கக்கூடிய கார்டு. உங்கள் பெயர் என்ன, ஊர் என்ன, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கார்டோ வேறு ஜாதி. பலருக்குத் தடையாக இருப்பது தொகை அன்று, அதைச் செலுத்தும் வழிதான். வாட்ஸ்அப் நிறுவனமும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா வைத்திருந்தது. 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டபோது நிறுவனம் சொன்ன காரணம் என்ன? தங்கள் பயனாளர்களில் பலரிடம் வங்கி அட்டை இல்லை, முதல் ஆண்டு முடிந்ததும் நண்பர்களோடும் குடும்பத்தோடும் தொடர்பு அறுந்துபோகுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள் என்பதுதான்.

"இப்போதுதான் யு.பி.ஐ. வந்துவிட்டதே! இளநீர்க் கடையில்கூடக் கைப்பேசியைக் காட்டிக் காசு கொடுக்கிறோமே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த யு.பி.ஐ. யாருடையது? அப்பாவுடையது. அவர் அனுமதித்தால் மகள் பேசலாம், இல்லையேல் இல்லை. (இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், "அதுவும் நல்லதுதானே!" என்று புன்னகை புரிவது எனக்குத் தெரிகிறது. பதினாறு வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை நானும் அதிகம் வாதாட மாட்டேன்.) ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். தான் வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி ஒருவர் தரக்குறைவாக நடப்பதை அவள் பெயர் சொல்லாமல் வெளியே சொல்ல விரும்புகிறாள். காசு கட்டிய மறுகணமே அவள் பெயரும் வங்கியும் எங்கோ ஒரு ஏட்டில் பதிந்துவிடுகின்றன. மோசக்காரனை வெளியே நிறுத்த வைத்த கதவு, பயந்து பயந்து வருகிறவளையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

சரி, மோசக்காரனாவது வெளியே நிற்கிறானா? இங்கேதான் நான் பட்டிமன்றத்தில் சொல்லாமல் விட்ட இன்னொரு கணக்கு இருக்கிறது.

அந்தச் சோதனை நடந்த பிலிப்பைன்ஸ் நாட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே 'ராப்ளர்' என்னும் செய்தி நிறுவனத்தை நடத்துபவர் மரியா ரெஸ்ஸா. சிறுவயதில் மணிலாவில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் படித்தவர். 2021-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2016-இல் அவருடைய நிறுவனம் ஃபேஸ்புக்கில் நடந்த பொய்ப் பிரசாரத்தை ஆராய்ந்தது. வெறும் 26 போலிக் கணக்குகள் குழுக்களின் வழியாக ஏறத்தாழ 30 லட்சம் கணக்குகளைச் சென்றடைய முடிந்ததைக் கண்டுபிடித்தது. ஆண்டுக்கு ஒரு டாலர் என்றால் 26 கணக்குக்கு எவ்வளவு? 26 டாலர்! ஒரு நாட்டு மக்களின் மனத்தைக் கெடுக்கத் துணிந்தவன் அந்த 26 டாலருக்கு அஞ்சுவானா?

ரஷ்யாவிலிருந்து இயங்கிய குழு ஒன்று அமெரிக்க மக்களைக் குழப்புவதற்காகப் போலிக் கணக்குகளின் மூலம் சுமார் 3,000 விளம்பரங்கள் வெளியிட்டதாக ஃபேஸ்புக் 2017-இல் அறிவித்தது. அவற்றுக்குக் கொடுத்த தொகை சுமார் ஒரு லட்சம் டாலர். சில விளம்பரங்களுக்கு ரூபிளிலேயே பணம் வந்திருந்தது. பணம் கொடுத்தவர் நல்லவர் என்று பெட்டியடியில் இருந்தவர் எண்ணிக்கொண்டார் போலும்!

காசு கொடுத்தால் கண்ணியத்தையும் வாங்கலாம் என்று ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 நவம்பரில் ட்விட்டர், மாதம் 8 டாலர் கட்டுகிற எவருக்கும் நீலக் குறி கொடுத்தது. அதுவரை அந்தக் குறிக்கு, 'இவர் உண்மையில் இன்னார்தான்' என்று பொருள். உடனே யாரோ ஒருவர் எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, 8 டாலர் கட்டிக் குறியும் வாங்கிக்கொண்டு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். உண்மையான நிறுவனம் அதை மறுத்து மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டுக்கொள்கிற எத்தனை ஏழை வீடுகளில் ஒரு கணம் மகிழ்ச்சி வந்து போயிருக்குமோ! ஓரிரு நாளில் அந்த விற்பனையை நிறுத்திவைத்தார்கள்.

ஆக, மோசக்காரரில் இரு வகை உண்டு. எண்ணிக்கையை நம்பிப் பிழைப்பவன் ஒருவன். அவனுக்கு 35 கோடி வேண்டும். அவனைக் கட்டணம் வீழ்த்திவிடும். வஞ்சத்தை நம்பிப் பிழைப்பவன் மற்றொருவன். அவனுக்கு 26 போதும். அவன் காசை எண்ணி வைத்துவிட்டு, கட்டணம் கட்டியவன் என்ற மரியாதையோடு உள்ளே வந்துவிடுவான். வாசலில் கட்டணம் வைத்தால் முதலாமவன் நிற்பான். ஆனால் அவனோடு என் தோழியும் நிற்பாள். இரண்டாமவன் அவர்கள் இருவரையும் தாண்டிப் போவான்.

அப்படியானால் கட்டணமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கட்டணத்தை வாசலிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். எங்கே? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு.

விளம்பரக் குறுஞ்செய்திகளின் தொல்லை எல்லை மீறிய 2012-ஆம் ஆண்டில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு சிம் கார்டிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகள் வரை சலுகை விலையில் அனுப்பலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு வாங்க வேண்டும் என்பது அந்த ஆணை. அனுப்புவோரைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஏற்பாடு 2018-இல் வகுக்கப்பட்டதால், 2020-இல் அந்த 50 காசை விலக்கிக்கொண்டார்கள். ஆயினும் அதில் இருந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மகளுக்கு, "ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லும் தாயிடம் அது ஒரு காசும் கூடுதலாகக் கேட்கவில்லை. 101-ஆவது செய்தியை அனுப்புகிறவனிடம்தான் கையை நீட்டியது. ஒரு நாளில் நூறு பேருக்கு மேல் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கல்யாண வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் இருக்கலாம், அவர்கள் கொடுக்கட்டுமே.

சமூக வலைத்தளத்திலும் இப்படியே செய்யலாம் என்பது என் கட்சி. நாளுக்கு இத்தனை பதிவு, இத்தனை பதில், இத்தனை அந்நியர்களுக்குச் செய்தி என்று ஒரு தாராளமான அளவு வரை எவரிடமும் ஒரு காசும் கேட்கக்கூடாது, கார்டும் கேட்கக்கூடாது. அதைத் தாண்டியவுடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கட்டணம். புதிதாகப் பிறந்த கணக்குக்கு அந்த அளவு முதலில் சிறியதாக இருக்கட்டும். மாதங்கள் செல்லச் செல்ல வளரட்டும். நேற்றுப் பிறந்த கணக்கு இன்றே ஆயிரம் பேரிடம் பேச என்ன அவசரம்?

இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஆயிரம் கணக்குத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 99 செய்தி மட்டும் அனுப்பினால் என்ன செய்வாய் என்று எதிரணி கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஒரே கையால் ஆயிரம் கணக்கு ஆட்டுவிக்கப்படுவதைக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் வேலை. மூன்று மாதத்தில் 220 கோடியைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியாத வித்தை அன்று. ஆனால் இத்தனை கோடிப் பேர் எங்களிடம் இருக்கிறார்கள் என்று தலையெண்ணிக் காட்டி விளம்பரம் விற்கிறவர்களுக்கு, தலைகள் குறைவதில் உள்ளூர எவ்வளவு ஆசை இருக்கும் என்பது எனக்குச் சந்தேகமே. அதனால்தான் இதை அவர்கள் விருப்பத்துக்கு விடாமல், 2012-இல் செய்ததுபோல் ஓர் ஆணையம் சொல்ல வேண்டும் என்கிறேன்.

26 கணக்குக்காரனை என்ன செய்வது? அவனைக் காசு தடுக்காது, கைவலிதான் தடுக்கும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக ஒரு வதந்தி வாட்ஸ்அப் மூலம் நாடெங்கும் பரவி, பல இடங்களில் ஒன்றுமறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒரு முதிய பெண்மணி அப்படி உயிரிழந்தார். அதைப் பரப்பியவை எந்திரங்கள் அல்ல. நம்மைப் போன்ற மனிதர்களின் விரல்கள்தாம். அதன் பிறகு அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அதுவே பின்னர் அறிவித்தது. யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. 13 தடவை எழுத வேண்டிய சிரமத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார்கள்!

பொய்யை முதலில் சொன்னவன் பணக்காரனாக இருக்கலாம். அதைச் சுமந்து செல்ல அவனுக்கு நம் விரல்கள் வேண்டும். அந்த விரல்களுக்குச் சற்றே வேலை வைப்பது யாருடைய வாயையும் அடைக்காது. ஆகவே கைவலியை எல்லாருக்கும் சமமாக வைக்கலாம். காசை மட்டும் வெள்ளமாகக் கொட்டுகிறவனுக்கு வைக்க வேண்டும்.

இதையெல்லாம் யோசித்து முடித்தபின், எங்கள் இலக்கிய மன்றச் செயலாளரிடம் அடுத்த ஆண்டுக்காக அதே தலைப்பைச் சிறிது திருத்திக் கொடுத்திருக்கிறேன். "நூறு வரை இலவசம், நூற்றொன்றுக்குக் கட்டணம்: நன்றா, தீதா?" என்பது புதிய தலைப்பு. எதிரணிக்குப் பின் வரிசைத் தோழியே பெயர் கொடுத்திருக்கிறாள். நூற்றொன்றுக்கும் ஒரு காசு வாங்கக்கூடாது, வாங்கத் தொடங்கினால் நூறு என்பது ஐம்பதாகும், ஐம்பது பத்தாகும் என்பது அவள் கட்சி. அதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. 35 கோடிக் கணக்கை அவளிடம் காட்டினேன். நோட்டுப் புத்தகத்தை இரவல் கேட்டாள், கொடுத்திருக்கிறேன்.